மிளகுக்கு என்ன வாடை

சுபாஷிணி யாரையும் நம்பமாட்டாள். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் இருக்கும் எங்கள் மிளகுக் கிடங்கில் ஆங்கிலக் கடிதமெல்லாம் அவள் பொறுப்பு. கண் மட்டும் எப்போதும் கிடங்கைக் கவனிக்கும் சேவியர் மேல்தான். நாகர்கோவில்காரரான அவர் சாயங்காலம் பள்ளுருத்தியில் இருக்கும் வீட்டுக்குக் கிளம்பும்போது சோற்றுப் பாத்திரம் கனமாக இருந்தாலும் சந்தேகம், லேசாக இருந்தாலும் சந்தேகம்.

மழைக்காலத்தில் வெயில் தலைகாட்டும்போதெல்லாம் காயலைப் பார்த்த பின்ஜன்னலைத் திறந்துவைப்பது எங்கள் வழக்கம். அதன் வழியாக மிளகு வெளியே போகிறதென்று சுபாஷிணிக்கு எண்ணம். இந்த வருஷம் பூட்டுப் போட்டு, சாவியைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“சேச்சி, கொஞ்ச நேரமாவது தொறந்து விடுங்க. உள்ள காத்து போகணும்லா,” என்று சேவியர் கேட்டுப் பார்த்தார்.

“காத்து உள்ள போறதோ, மிளகு வெளியில போறதோ, யார் கண்டா?” என்றாள்.

ஆகஸ்டில் வெளிநாட்டு வியாபாரி போனில் கூப்பிட்டு, சரக்கு ‘பேட்’, மோசம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். முதலாளி சங்கர்ராம் கொதித்தார். சாக்குகளைச் சேவியர் நனையவிட்டிருப்பார், இனி வேலைக்கு வரவேண்டாம் என்றார். ஒரு சாக்கும் நனையவில்லை என்று சேவியர் சொன்னது எடுபடவில்லை.

சுபாஷிணிக்கோ ‘பேட்’ மேல்தான் எரிச்சல். ‘ஸ்டேல்’ என்றால் பழைய சரக்கு. அதை வாங்கிப்போட்டவர் முதலாளி. ‘மோல்டி’ என்றால் பூசணம், நனையவிட்டவர் சேவியர். ‘மஸ்ட்டி’ என்றால் காற்றில்லாமல் அடைந்துகிடந்த புழுக்க வாடை. இந்த விவரமெல்லாம் நான் பின்னால் அவளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டது. மூன்றில் எது என்று அந்த வியாபாரிக்கு எழுதிக் கேட்டாள். சேவியர் கையும் களவுமாக மாட்டுவார் என்று எங்களிடம் அடித்துச் சொன்னாள்.

மறுநாள் ஒரே சொல்லில் பதில் வந்தது. சேவியர் கிடங்கில் வைத்திருந்த தன் மாற்றுத்துணியை எடுத்துப்போக வந்து வாசலில் நின்றார். சங்கர்ராம் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“மஸ்ட்டின்னா என்னது? நனைஞ்சதுதானே?”

ஆமாம் என்றிருந்தால் சேவியர் கதை முடிந்திருக்கும். சுபாஷிணி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எங்களில் யாருக்காவது அந்தச் சொல் தெரியுமோ என்று அப்போதும் சந்தேகம்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு பையைத் துழாவினாள்.

“நனையல. ஜன்னல் தொறக்காத வாடையாக்கும்,” என்று சாவியைச் சேவியரிடம் நீட்டினாள்.

அவர் கையை நீட்டவில்லை.

“நீங்களே தொறங்க, சேச்சி. நான் தொறந்தா நாளைக்கு மிளகு கொறையும்லா.”

அவளே போய்த் திறந்தாள்.