பண்ணைக் கடலில் போட்ட பட்டரி

கணினிக்கு லினக்ஸ் ஏற்றும் வேலையில் முக்கால்வாசி நேரம் திரையைப் பார்த்தபடி சும்மா இருப்பதில் போய்விடும். மிச்ச நேரம், சும்மா இருந்தபோது எதைச் செய்ய மறந்தோம் என்று தேடுவதில் போகும். இதே தொழிலில் இருந்து கண் பூத்துப் போனவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் சொல்கிறேன். என் விஷயத்தில் உண்மையாகவே ஒருவருடைய கண் சம்பந்தப்பட்டிருந்தது.

அது 2007. போரால் யாழ்ப்பாணத்திலிருந்து தெற்குக்குப் போகும் தரைப் பாதை மூடியிருந்த காலம். கொழும்புக்குப் போவதென்றால் விண்ணப்பம் எழுதி, அனுமதி எடுத்து, கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். நான் மடத்துவெளியிலிருந்து பஸ்ஸில் ஊர்காவற்றுறைக்குப் போய், ஒரு சிறிய கணினி நிலையத்தில் அந்த விண்ணப்பங்களை அடித்துக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பட்டம் பெற்ற முதல் ஆள் நான். யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால் அம்மா பெருமையாகச் சொல்லுவார்: "அவன் கம்ப்யூட்டருக்குள்ள என்னவோ ஏத்துறவன்."

சோற்றுப் பெட்டி

நிலையத்தில் இருந்த இரண்டு பெரிய கணினிகளும் மின்சாரம் நின்றால் நின்றுவிடும். மின்சாரமோ வந்த நேரத்தை விட நின்ற நேரம் அதிகம். இதைக் கேள்விப்பட்டு, கனடாவில் இருந்த ஊரவர் ஒருவர் ஒற்றைப் பலகைக் கணினி ஒன்றை அனுப்பியிருந்தார். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய பச்சைப் பலகை. அதன் நடுவில் நாணயம் போல ஒரு மணிக்கூட்டுப் பட்டரி. வன்தட்டு இல்லை, சிறிய நினைவக அட்டை ஒன்றுக்குள் எல்லாம் அடங்கும். வாகனப் பட்டரியிலும் ஓடும்.

யாழ்ப்பாணப் பட்டணத்தில் பொதியை எடுத்து, பலகை உடைந்துவிடக் கூடாதே என்று பழைய துவாயில் சுற்றி, என் சோற்றுப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அளவுக்கு மீறிக் கவனமாக இருப்பவன் செய்யும் முட்டாள்தனம் அது. சோதனைச் சாவடியில் பெட்டியைத் திறந்த சிப்பாய் மூன்று அடி பின்னால் போனார். ஒன்றரை மணித்தியாலம் வெயிலில் நின்றேன். கணினி தெரிந்த அதிகாரி ஒருவர் வந்து பார்த்துச் சிரித்து, போகச் சொன்னார். சிப்பாய்க்கு மட்டும் கடைசிவரை நம்பிக்கை வரவில்லை. பெட்டியைத் திருப்பித் தரும்போது சொன்னார்: "கம்ப்யூட்டர் பெரிசு. இது சோறு டப்பா. பொய் சொல்ல வேணாம், தம்பி."

நேர்த்திக் காசு

அடுத்த பஸ்ஸில் ஏறினேன். வழியில் இன்னும் சாவடிகள் இருந்தன. கம்பிகளும் சில்லுகளும் போகட்டும், பட்டரி இருப்பதுதான் ஆபத்து என்று எனக்குப் பட்டது. சட்டைப்பைப் பேனையின் முனையால் அதைக் கிளப்பி எடுத்து, பட்டணத்தையும் தீவையும் இணைக்கும் பண்ணைப் பாலத்தில் பஸ் போகும்போது யன்னலால் கடலில் எறிந்தேன்.

மின்சாரம் இல்லாத நேரத்திலும் திகதியை நினைவில் வைத்திருப்பது அந்தப் பட்டரிதான். அது இல்லாவிட்டால், ஒவ்வொரு முறை மூட்டும்போதும் பலகை 2002ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதியில் கண் விழிக்கும். இது எனக்குத் தெரியும். கையால் திகதியைத் திருத்தினால் போயிற்று, ஒரு வரிதானே என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த வயதானவர் நான் எறிந்ததைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன தம்பி, நயினாதீவு அம்மனுக்கு நேர்த்திக் காசோ?"

தொண்ணூற்றாறு வீதம்

பலகைக்கு இறுவட்டுச் செலுத்தி இல்லை. நினைவக அட்டையைக் கழற்றி, பழைய பெரிய கணினியில் மாட்டி, லினக்ஸின் ஆரம்பத் துண்டை மட்டும் அதில் எழுதி, திரும்பப் பலகையில் செருகி, மிச்சத்தை அங்கிருந்து ஏற்ற வேண்டும். நான்கு மணித்தியால வேலை. முதல் நாள் இரண்டு முறை மின்சாரம் நின்றது. மூன்றாம் முறை தொண்ணூற்றாறு வீதம் வரை வந்தது.

அன்று காலையிலிருந்து வாங்குப் பலகையில் அனுமதி விண்ணப்பத்துக்காகச் சூசை அண்ணை காத்திருந்தார். கரையோர வீட்டுக்காரர், மீன்பிடித் தொழில். தூண்டில் நூல் அறுந்து ஈயக்கட்டி வலது கண்ணில் தெறித்ததில் விழித்திரை கழன்றிருந்தது. இரண்டு கிழமைக்குள் கொழும்பில் வெட்டித் தைக்காவிட்டால் பார்வை போய்விடும் என்று பட்டணத்து டொக்டர் சொல்லியிருந்தார். அடுத்த கப்பல் பத்து நாளில். "கையால எழுதித் தந்தாப் போதாதோ?" என்று அவர் கேட்டார். போதும். அன்றே கொடுத்திருந்தால் போதும். நான்தான், "அடிச்சுக் குடுத்தா மதிப்பு அண்ணை, இந்தப் புதுசிலயே அடிப்பம், இண்டைக்கு முடிஞ்சிடும்" என்று இருத்தி வைத்தேன்.

தொண்ணூற்றாறில் திரை கறுத்தது. எங்கள் பொறுப்பாளர் குணம் அண்ணை கதிரையில் இருந்தபடியே கேட்டார்: "தம்பி, உங்கட கம்பசில கரண்ட் எண்டொரு பாடம் படிப்பிக்கேல்லையோ?"

வெளிச்சப் பட்டரி

மறுநாள் விடிய சூசை அண்ணை சைக்கிள் கரியரில் ஒரு பெரிய பட்டரியைக் கட்டிக்கொண்டு வந்தார். இரவுத் தொழிலுக்கு வெளிச்சம் பிடிக்கிற பட்டரி. இரவில் கடலுக்கு இறங்கத் தடை வந்ததிலிருந்து வீட்டில் சும்மா கிடந்ததாம். கண்ணில் கட்டோடு, பாரத்தைத் தூக்கக் கூடாத மனிசன், தானே தூக்கிவந்து மேசைக்குக் கீழே வைத்தார். நான் வயரைக் கொழுவி, பலகையை மூட்டி, திகதியைத் திருத்திவிட்டு ஏற்றத் தொடங்கினேன்.

மதியத்துக்குச் சற்று முன் நூறு வீதம். தமிழ் எழுத்துகளும் சரியாக வந்தன. அச்சடிக்கும் பொறிக்கு மின்சாரம் வேண்டுமே என்று யோசித்துக்கொண்டிருக்க, அதுவும் வந்தது. வெளிச்சப் பட்டரி இறங்கிப் போயிருந்ததால் பலகையை மின்சாரத்துக்கு மாற்றினேன். அது ஒருமுறை நின்று, திரும்ப எழும்பியது. மின்சாரம் போவதற்குள் அடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் நான் விண்ணப்பத்தைத் திறந்தேன். திகதியைப் பலகையே போட்டுக்கொள்ளும்படி நான்தான் அதை அமைத்திருந்தேன். பெயர், அடையாள அட்டை இலக்கம், விலாசம், நோய், எல்லாவற்றையும் இரண்டு தரம் வாசித்துச் சரிபார்த்தேன். திகதியைப் பார்க்கவில்லை. அது இயந்திரத்தின் வேலை. சூசை அண்ணை கடதாசியை ஒற்றைக் கண்ணருகில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஓம், உண்மைதான். அடிச்ச எழுத்துக்கு ஒரு மதிப்புத்தான்."

திரும்பி வந்த கடதாசி

ஆறாம் நாள், அனுமதி கொடுக்கும் அலுவலகத்திலிருந்து விண்ணப்பம் திரும்பி வந்தது. வலப்பக்கம் மேல் மூலையில் சிவப்பு மையால் ஒரு வட்டம். வட்டத்துக்குள் 2002 சனவரி முதலாந் திகதி. ஐந்து வருடத்துக்கு முந்திய கடிதத்தை ஏற்க ஏலாது என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் மீது பிழை சொல்ல எனக்கு வாயில்லை. அன்றே கையால் புதிதாக எழுதிக் கொடுத்தேன். ஆனால் அந்தக் கப்பலுக்குப் பெயர்ப்பட்டியல் முடிந்திருந்தது. அதற்கடுத்தது எப்போது என்று ஒருவருக்கும் தெரியாது.

சூசை அண்ணையின் மனிசி பிலோமினா அக்காவிடம் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றபோது குணம் அண்ணை கதவை மறித்து நின்றார். கெட்டவர் அல்ல, நிலையத்துக்குப் பெயர் கெட்டால் இழுத்து மூட வேண்டியதுதான் என்ற பயம். "மெசின் பிழை எண்டு சொல்லும். மெசினோட ஒருத்தரும் சண்டைக்குப் போகாயினம்."

போய்ச் சொன்னது

பிலோமினா அக்கா முற்றத்தில் கருவாட்டைப் பிரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: சோற்றுப் பெட்டி, கடலில் போட்ட பட்டரி, திருத்த மறந்த திகதி, கையால் எழுதித் தராமல் மறித்தது. அவர் பிரட்டுவதை நிறுத்தவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். கடைசிக் கருவாட்டையும் பிரட்டி முடித்து, கையைத் துடைத்தார்.

"அவர் நாலு பேருக்குச் சொல்லிப்போட்டார், தன்ர பட்டரியிலதான் அந்தப் பெட்டி முதல்முதல் ஓடினதெண்டு. இதை அவருக்கு நான் எப்பிடித் தம்பி சொல்லுறது?"

ஒரு மாதத்துக்குப் பிறகு

சூசை அண்ணை கப்பல் ஏறும்போது டொக்டர் சொன்ன கெடு முடிந்து இரண்டு கிழமை. கொழும்பில் கண்ணைப் பார்த்துவிட்டு, இனி வெட்டிப் பிரயோசனமில்லை என்று மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்த நாட்களில் பட்டணத்துக் கடை கடையாக ஏறி இறங்கினேன். கடலில் எறிந்த அளவில் ஒரு மணிக்கூட்டுப் பட்டரி எங்குமே இல்லை. பலகையின் மேல் "திகதி!" என்று சிவப்பில் எழுதி ஒட்டினேன்.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் சூசை அண்ணை நிலையத்துக்கு வந்தார். மனிசி சொல்லியிருந்தது முகத்தில் தெரிந்தது. மேசைக்குக் கீழே இன்னும் கிடந்த தன் பட்டரியைக் குனிந்து பார்த்தார். அதை எடுத்துப் போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, வயரைக் கழற்ற நான் எழும்பினேன். வேண்டாம் என்று கையைக் காட்டி, வாங்கில் அதே இடத்தில் இருந்தார். ஒற்றைக் கண்ணோடு திரும்பத் தொழிலுக்கு இறங்க அனுமதி கேட்டு ஒரு கடிதம் வேண்டுமாம். கையால் எழுத நான் பேனையை எடுத்தேன்.

"வேண்டாம், அதிலயே அடியும். திகதியை நான் சொல்லுறன்."

அன்றிலிருந்து எந்தக் கணினிக்கு லினக்ஸ் ஏற்றினாலும் முதலில் திகதியைத்தான் பார்க்கிறேன். அது ஒவ்வொரு முறையும் சரியாகவே இருக்கிறது, ஒருவருக்கும் பிரயோசனமில்லாமல்.