சோமாவதியின் தோடை மொட்டை ஒட்டவைத்த மரகதவல்லி அக்கா

அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுப் பொதியை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. மரகதவல்லி அக்காவின் கணவர் சிவநேசன் அண்ணன்தான்.

"கலா, அக்கா போயிட்டாங்கம்மா."

கையிலிருந்த பொதியை அப்படியே மூடி வைத்தேன். பிறகு அவர், "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த மனிதர். அழவும் தெம்பில்லாத குரல் அது. "சாப்பிட்டேண்ணே" என்று பொய் சொன்னேன்.

கண்டி நகரில் ஓர் அரச அலுவலகத்தின் ஓய்வூதியப் பிரிவில் நானும் அக்காவும் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் பல வருடங்கள் வேலை செய்தோம். அங்கே வருகிறவர்கள் ஏற்கெனவே நாலு இடம் ஏறி இறங்கி வந்தவர்கள். கோபம் எங்கள் மேசையில்தான் வெடிக்கும். சத்தம் போடுகிறவருக்கு அக்கா முதலில் ஒரு கதிரையை இழுத்துப் போடுவார். "நின்னுக்கிட்டு ஏசினா கால் வலிக்கும். உக்காந்து ஏசுங்க" என்பார். பாதிப் பேர் சிரித்துவிடுவார்கள். மற்றவர்கள் உட்கார்ந்தே ஏசுவார்கள். அக்கா இரண்டையும் ஒரே முகத்தோடு கேட்டுக்கொள்வார்.

பழக் காலத்தில் அவர் பை நிறையத் தோடம்பழம் கொண்டுவருவார். ஆரஞ்சுதான்; தோல் பச்சை, உள்ளே நல்ல இனிப்பு. அவருடைய வீடு கம்பளை வீதியை அண்டிய ஒரு மலைச்சரிவில் இருந்தது. பக்கத்து வீட்டில் சோமாவதி என்ற சிங்களப் பெண்மணி. தன் வீட்டுத் தோடையிலிருந்து மொட்டு எடுத்து, அக்காவின் முற்றத்தில் தானாக முளைத்திருந்த நாரத்தைக் கன்றில் ஒட்டவைத்துக் கொடுத்தவர் அவர்தான். "இது என் மரமில்ல, சோமா அக்கா மரம். நான் தண்ணி ஊத்தினதோட சரி" என்று அக்கா ஒவ்வொரு முறையும் சொல்லுவார். சோமாவதி அவரை 'நங்கி', அதாவது தங்கை, என்றுதான் கூப்பிடுவார்.

பெருமழையில் அந்தச் சரிவு இறங்கியது. சோமாவதியின் வீடும் அதற்குள் இருந்த சோமாவதியும் அவருடைய தாய்மரமும் மண்ணுக்குள் போயின. அக்காவின் வீடு விரிசலோடு நின்றது. இனி அங்கே குடியிருக்கக் கூடாது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். அக்காவும் அண்ணனும் கட்டுகஸ்தோட்டையில் இரண்டு அறை வாடகை வீடொன்றுக்குப் போனார்கள். அதே மாதங்களில்தான் அக்காவின் இருதயம் பலவீனமாகிவிட்டதாக டாக்டர் சொன்னார். மாடிப்படியே ஏறக் கூடாதாம்.

மழை ஓய்ந்து வெயில் காய ஆரம்பித்தபோது அக்கா என்னிடம், "மேல போயிட்டு வரணும் கலா. தொணைக்கு வாங்க" என்றார். அக்காவின் முற்றத்துத் தோடை பாதி சேற்றில் சாய்ந்திருந்தாலும் மீதிப் பாதி பச்சையாக இருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். சோமாவதியின் மகள் நிலூகா பல்லேகலயில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அவளுக்கு அம்மாவின் மரத்திலிருந்து ஒரு கன்று கொடுக்க வேண்டும். அதுதான் அக்காவின் எண்ணம்.

போவதற்கு முன் விவசாயப் போதனாசிரியரிடம் யோசனை கேட்டோம். இளம் பெண். பொறுமையாக விளக்கினார். ஆப்பு ஒட்டு என்றால் நாரத்தைக் கன்றின் தலையை வெட்டி, தண்டைப் பிளந்து, தோடைக் கிளை நுனியை ஆப்பு போலச் சீவிச் செருகிக் கட்ட வேண்டும். பிடித்தால் வேகமாக வளரும். பிடிக்காவிட்டால் பெரும்பாலும் கன்றும் கைவிட்டுப் போகும். மொட்டு ஒட்டு என்றால் கன்றின் பட்டையைக் கீறித் தூக்கி ஒரேயொரு மொட்டை உள்ளே வைத்துக் கட்டுவது. அது விழித்து வளரக் காலம் எடுக்கும்.

"ஆப்பே வைங்க மிஸ், சுருக்கா பலன் தெரியும்" என்றார் அந்தப் பெண், அக்காவின் மூச்சைக் கவனித்தபடி.

"எனக்கு டைம் இல்லன்னு சொல்றீங்க" என்றார் அக்கா.

அந்தப் பெண் முகம் சிவந்துபோனார். அக்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "அது உண்மதான் மகள். ஆனா அந்த மரத்துல நல்ல கெள ரெண்டோ மூணோதான் இருக்குமாம். ஆப்பு வெச்சா ஒரு நுனிக்கு ஒரு கன்னுதான். மொட்டுன்னா ஒரு கெளையிலயே பல மொட்டு எடுத்து வச்சுப் பாக்கலாம். ஒரு பக்கம் பிடிக்காட்டி மறுபக்கம் வைப்பேன். கன்னு சாகாது. மெதுவா வந்தாப் போதும்."

கோடையில் பட்டை கிளம்பாது என்பதால், வாடகை வீட்டில் பைகளில் வளர்த்த நாரத்தைக் கன்றுகளுக்கு நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றி, பட்டை இளகும்வரை காத்திருந்தார். பிறகு ஒரு காலையில் மேலே போனோம். பத்தடி நடப்பார், நிற்பார். நான் திரும்பிவிடலாம் என்றேன். "எறங்குறதும் தூரந்தான் கலா, ஏறியே போவோம்" என்றார். சோமாவதியின் வீடிருந்த பக்கம் அவர் பார்க்கவேயில்லை. வெட்டிய கிளைகளை ஈரத் துணியில் சுற்றியபோது மட்டும், "சோமாக்கா, எடுத்துக்கிறேன்" என்றார். அன்று மாலையே, கட்டிலில் சாய்ந்தபடி, மொட்டுகளை வைத்துக் கட்டினார். பெரும்பாலானவை கறுத்து உதிர்ந்தன. ஒன்று மட்டும் பச்சையாகவே இருந்து, பிறகு துளிர்த்தது.

கன்று கொஞ்சம் எழும்பியதும் நிலூகாவை வரச் சொன்னார். அவள் வந்தாள். கன்றைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். சின்ன வயதிலிருந்தே அக்காவின் வீட்டில் பழகியவள், தமிழிலேயே சொன்னாள்: "வேணாம் நெந்தே. அந்த மலையில இருந்து ஒண்ணும் எனக்கு வேணாம்." நெந்தா என்றால் அத்தை.

அக்கா வற்புறுத்தவில்லை. "சரி மகள், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார். அவள் போன பிறகு எனக்குத்தான் கோபம் வந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "அவ அம்மாவ மண்ணுல இருந்து முழுசாக்கூட எடுத்துக் குடுக்கல கலா. நான் செடியத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கிறேன். எனக்கே வெக்கமா இருக்கு." அதன் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. தண்ணீர் ஊற்றுவதை மட்டும் நிறுத்தவில்லை, கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை.

சாவு வீட்டுக்கு நிலூகா வந்தாள். அக்காவின் காலடியில் வெகுநேரம் நின்றாள். பிறகு வெளியே வந்து மதில் ஓரமாக என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அங்கேதான் கன்றின் பை இருந்தது. சில வாரங்களாக யாரும் கவனிக்காததால் மண் காய்ந்து, ஒட்டுக்குக் கீழே நாரத்தையின் துளிர்கள் கொழுத்து எழும்பியிருந்தன. மேலே தோடைத் துளிர் சோர்ந்து நின்றது. எனக்கு அதைப் பார்க்கவும் தெம்பிருக்கவில்லை.

"இத வுட்டா மேல உள்ளது செத்துரும்" என்றாள் நிலூகா. "அம்மா எப்பவும் ஒடைப்பாங்க."

கீழ்த் துளிர்களை ஒவ்வொன்றாக, நகத்தால் கிள்ளி எறிந்தாள். குழாயடிக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். அக்காவை எடுத்துப் போன பிறகு, "எனக்கு நெலம் இல்ல அக்கா. ஒரு ரூம்தான். வாசல்ல வைக்கலாமா?" என்று கேட்டாள். வைக்கலாம் என்றேன். கன்றை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். நடத்துநர் முன் ஆசனத்தில் அவளுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

மரகதவல்லி அக்கா, நீங்கள் மிகவும் களைத்திருந்தீர்கள். உங்கள் கன்று பல்லேகலக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நிம்மதியாகப் படுங்கள்.