கூழைக்கடா இறங்கும் வேகம்

செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு எதிர்த் தெருவில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது பிரபாவின் கம்ப்யூட்டர் சென்டர். காலையில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு சி புரோகிராமிங், மாலையில் வேலை தேடுகிறவர்களுக்குக் கணக்கெழுதும் டேலி. மதியம் யாரும் வரமாட்டார்கள். அப்போது மூலையில் இருந்த பழைய கம்ப்யூட்டரைப் போடுவாள். திரையில் ஏரி விரியும். அதன் மேல் மரத்துக்கு மரம் ஒரு கூழைக்கடாப் பறவை தாவும்.

பறக்கத் தெரியாத கூழைக்கடா. அதைப் படைத்தவன் அவள் கணவன் அருணகிரி. வேடந்தாங்கல் மர உச்சிகளில் தொடங்கி, முட்டுக்காட்டுப் படகுகள் மேல் தாவி, மாமல்லபுரத்துப் பாறைகளைக் கடந்து அது கடலைச் சேர வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. 2006 மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை வந்து அருணகிரி போனபோது, பறவை முதல் படகில் நின்றிருந்தது. அடுத்த படகு வரையப்படவில்லை. அந்த இடத்தில் கறுப்பு மட்டும்.

அவன் போன பிறகு பிரபா ஒரு கோடு கூட வரையவில்லை. ஏரி வரைக்கும் விளையாடுவாள். ஜெயிப்பதற்காக அல்ல, அது விழுவதைப் பார்ப்பதற்காக. குதித்த கூழைக்கடா உச்சியில் ஒரு கணம் தயங்கும். பிறகு தண்ணீரைத் தொட மனமில்லாததுபோல, காற்றில் சாய்ந்து சாய்ந்து இறங்கும். அதைப் பார்க்கும்போது அறையில் மின்விசிறிகூட மெல்லச் சுற்றுவதாகத் தோன்றும். அந்த இறக்கத்தில் அவன் இருந்தான். வேறெங்கும் இல்லாதபடி அங்கே இருந்தான்.

2008 கோடையில் அந்தக் கம்ப்யூட்டர் தகராறு செய்யத் தொடங்கியது. ஒரு நாள் எழும், மறுநாள் எழாது. பொத்தேரியில் ஒரு கல்லூரி லேபில் வேலை செய்த கொழுந்தன் ஜெயக்குமார் ஒரு சிடியோடு வந்தான்.

"இன்னா அண்ணி, இன்னும் இத்தயே கட்டிக்கினு கீறீங்க? இதுல ரெடிமேட் எஞ்சின் கீது. குதிக்கிறது, உழுவுறது, மோதுறது எல்லாம் அதுவே பாத்துக்கும். நீங்க படகு வரைஞ்சா போதும்."

"உங்க அண்ணன் எஞ்சினையே எழுதினாரு. நீ சிடி எடுத்துக்கினு வர்ற."

"அறிவெல்லாம் அவன் எடுத்துக்கினான். அழகு மட்டும் எனக்கு."

"மூஞ்சியப் பாரு."

சிரித்துவிட்டு அவள் சிடியை மேசை ஓரத்தில் தள்ளிவைத்தாள். அருணகிரியின் எஞ்சினையே புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, மிச்சத்தை அதிலேயே முடிப்பது என்பது அவள் முடிவு. வேறு எஞ்சினில் அந்தக் கூழைக்கடா வேறு மாதிரி விழும். வேறு மாதிரி விழுந்தால் அது அவனுடையது அல்ல.

ஜெயக்குமார் ஃபைல்களை மாற்றிக்கொடுத்தான். பிரபா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஏரி வந்தது, மரம் வந்தது. குதிக்கும் பட்டனைத் தொட்டாள். பறவையைக் காணோம். மறுபடி தொட்டாள். ஒரு வெள்ளைக் கீற்று திரையின் மேல் பக்கமாக ஓடி மறைந்தது.

"யம்மாடி! கடலுக்குப் போவச் சொன்னா அண்ணன் ராக்கெட்டு வுட்டுக்கீறான்!"

அவள் சிரிக்கவில்லை. அருணகிரி எழுதிய புரோகிராமைத் திறந்து, பறவை விழும் இடத்தைத் தேடிப் போனாள். ஏதோ அரிய கணக்கு இருக்கும் என்று நினைத்தாள். இருந்தது வெறும் எண்ணிக்கை. ஒவ்வொரு அசைவுக்கும் நடுவில், ஒன்றிலிருந்து பல ஆயிரம் வரை சும்மா எண்ணிவிட்டு வா என்று கம்ப்யூட்டருக்கு ஒரு வரி. நேரத்தைக் கடத்த அந்தக் காலத்தில் காலேஜ் லேபில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்த குறுக்கு வழி. அவளும் இன்றுவரை பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்தாள். பழைய மெஷின் நிதானமாக எண்ணியது, பறவை மெல்ல விழுந்தது. புது மெஷின் கண்ணிமைக்குமுன் எண்ணி முடித்துவிடுகிறது.

அப்படியானால் அந்தத் தயக்கம்? அந்தச் சாய்வு? எல்லாம் ஒரு பழைய மெஷினின் சோம்பலா? அதைத்தானா கணவன் என்று இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தாள்? அந்த வரியை மாற்றி எழுதினாலும் இறக்கத்தைப் புதிதாகத்தான் அமைக்க வேண்டும். பழையதை எந்த எஞ்சினிலும் மீட்க முடியாது. ஜெயக்குமார் டீ வாங்கி வருவதாகச் சொல்லி மெல்லக் கீழே இறங்கிப் போனான்.

அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அருணகிரி அதை மாற்றி மாற்றிப் போட்ட மதியங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவன் கீபோர்டில், அவள் பக்கத்து நாற்காலியில்.

"இப்போ?"

"கல்லு மாதிரி உழுவுது."

"இப்போ?"

"ம்ஹும். காத்தாடி மாதிரி கீதுங்க. கனம் வேணும்."

அவள் வேடந்தாங்கல் ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்தவள். சாயங்காலம் கூழைக்கடா வந்து இறங்குவதை, அத்தனை பெரிய உடம்பு காற்றில் கரைந்து வருவதை, சின்ன வயசிலிருந்து பார்த்தவள். அருணகிரி டவுன் பிள்ளை. அவன் பார்த்ததெல்லாம் காக்கை. எண்ணை மாற்றிவிட்டு அவன் திரையைப் பார்த்ததே இல்லை. அவள் முகத்தைத்தான் பார்ப்பான். அந்த முகத்தில் எப்போது இறுக்கம் தளர்ந்ததோ, அந்த எண்ணில் நிறுத்திவிட்டான்.

பிரபா சிடியை எடுத்துப் போட்டாள். அருணகிரி வரைந்த ஏரியையும் பறவையையும் அதில் ஏற்றினாள்.

ரெடிமேட் எஞ்சினில் எண்ண வேண்டியதில்லை. பொருளைக் கீழே இழுக்கும் வேகம் என்று ஒரு கட்டம் இருந்தது. ஒரு எண் போட்டாள், கூழைக்கடா பொத்தென்று விழுந்தது. குறைத்தாள், மிதந்தது. கூட்டினாள், மறுபடி குறைத்தாள். வெயில் ஜன்னலிலிருந்து சுவருக்கு நகர்ந்தது. கீழே ரயில் வந்து நின்று, சனம் இறங்கி, தெரு நிறைந்து காலியானது. ஒருமுறை, "இப்போ?" என்று அவளே வாய்விட்டுக் கேட்டுக்கொண்டாள்.

டீ ஆறிப்போயிருந்தது. ஜெயக்குமார் கொண்டுவந்து வைத்தது எப்போது என்று தெரியவில்லை. அவனை உட்காரவைத்து விளையாடச் சொன்னாள். பறவை குதித்தது, உச்சியில் நின்றது, மனமில்லாமல் இறங்கியது. அவன் இரண்டு தடவை அதைத் தண்ணீரில் விழவிட்டான்.

"இன்னா அண்ணி, இவ்ளோ மெதுவா உழுவுது? பாக்கறவனுக்குத் தூக்கம் வரும்."

"வரட்டும்டா."

அவனை எழுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். கறுப்பாக இருந்த இடத்தில் இரண்டாவது படகை வரையத் தொடங்கினாள்.