தம்பியின் திதி

ஏன் ஆங்கிலத்தில் எழுதுகிறாய் என்று கேட்பவர்களுக்கு ஆயிரம் காரணம் சொல்லியிருக்கிறேன். மேடையில் ஒன்று, வானொலியில் இன்னொன்று. எல்லாம் புளுகு. அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. அவ்வளவுதான்.

கடைசிப் போரில் பதுங்குகுழி வாசலில் தம்பி என் மடியில் செத்தான். நானே மண் தள்ளி மூடினேன். சனத்தோடு சனமாக வேறு பக்கம் போயிருந்த அம்மாவைப் பிறகு முகாமில் கண்டேன். “தம்பி எங்கையடி?” என்றுதான் முதலில் கேட்டார். காணவில்லை என்றேன். உண்மையை நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஆக்லாந்துக்கு வந்து இத்தனை வருடமாகியும் சொல்லவில்லை.

அம்மா அவனுடைய படத்துக்கு மாலை போட விடமாட்டார். அவனுடைய பிறப்புச் சான்றிதழைத் தன் பாஸ்போர்ட்டோடு வைத்திருந்தார், அவன் கிடைத்ததும் விசாவுக்கு உதவுமாம். நானோ ஆக்லாந்தின் விரி என்ற புறநகரில் கிடங்கு வேலைக்கு நடுவே, பெட்டிகளின் மேல் கொப்பியை வைத்து அவனுடைய சாவை எழுதிக்கொண்டிருந்தேன். தமிழில் ஒரு வரி எழுதினாலும் அம்மா கண்ணில் பட்டுவிடும் என்ற பயம். கோழை என்று சொல்லுங்கள், கோபிக்கமாட்டேன்.

பதிப்பகத்தில் பிரதியைத் திருத்திய வெள்ளைக்காரப் பெண் அது எந்த நாள் என்று கேட்டாள். குழிக்குள் யார் கலண்டர் வைத்திருந்தது? தேதி இருந்தால்தான் வாசகர் நம்புவார்கள் என்றாள். எரிச்சலில் வாய்க்கு வந்த ஒரு தேதியைப் போட்டுக் கொடுத்தேன்.

புத்தகம் வந்ததும் ஆக்லாந்தின் பாட்டனி டவுன்ஸ் பகுதியில் எங்கள் சனம் பொன்னாடை போர்த்தக் கூப்பிட்டது. பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தானே என்ற திமிரில் அம்மாவையும் கூட்டிப்போனேன். தேநீர் நேரத்தில் சென்னைக்காரப் பெண் ஒருத்தி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆன்ட்டி, உங்க பையன் இறந்ததைப் படிச்சிட்டு ரெண்டு நாள் நான் தூங்கவே இல்ல.”

அம்மா கடித்த வடையைத் தட்டில் வைத்தார். காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் கேட்டார்.

“ஊர் உலகத்துக்கெல்லாம் சொல்லிப்போட்டாய். பெத்தவளுக்குச் சொல்ல வாய் வரேல்லையோ?”

நான் அழுதேன். அவர் அழவில்லை.

“எந்த நாள் எண்டு எழுதினனீ?”

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். புத்தகத்திலிருந்த தேதியைச் சொன்னேன். அம்மா காரிலிருந்தபடியே கோயில் ஐயருக்கு போன் போட்டார். அவர் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் திதியைச் சொன்னார்.

அன்றே படத்துக்கு மாலை விழுந்தது. இப்போது ஒவ்வொரு வருடமும் அந்தத் திதியில் அம்மா பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்து, அவனுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு வைத்துப் படைக்கிறார். திதி பிசகினால் படையல் போனவனைப் போய்ச் சேராது என்பது அவருடைய நம்பிக்கை. இந்த முறை இலையில் சோறு போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“நல்லகாலம் பிள்ளை, நீ அந்த நாளையாவது சரியா எழுதி வைச்சாய்.”

“ஓம் அம்மா” என்றேன்.