கிராணி படித்த கடிதம்

மூன்றாவது பிள்ளை பிறந்த பிறகு, எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கிளினிக்கில் நாங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடும் நர்ஸ் எனக்குக் கர்ப்பப்பை வாய்ச் சோதனை செய்தார். சில வாரங்களில் மலாயில் ஒரு கடிதம் வந்தது. எனக்கு மலாய் படிக்க வராது. தோட்டத்துக் கணக்கர் கிராணியிடம் கொடுத்தேன். அதுதான் நான் செய்த தவறு. காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது, அத்தனை பேர் முன்னாலும், "ஒனக்குக் கர்ப்பப்பையில கான்சராம்," என்றார்.

அன்றிலிருந்து என் தண்ணீர்ப் போத்தலை யாரும் தொடவில்லை. "என்ன பாவம் பண்ணினாளோ," என்றாள் அடுத்த வீட்டுச் செல்லம்மா, என் காதுபடவே. இரண்டு மாதம் பயந்து வீட்டுக்குள் அழுதேன். பிறகு கோபம் வந்தது. கடிதத்தோடு மிஸ்ஸியிடம் போனேன்.

"கான்சர்னு இதுல எங்கம்மா இருக்கு? செல்லு மாறியிருக்கு, ஈப்போ பெரியாஸ்பத்திரியில காட்டணும்னுதான் இருக்கு. இப்பவே கவனிச்சா வராம தடுக்கலாம்லா," என்றார்.

லீவு கேட்டதும் கிராணி இழுத்தார். "நீங்க குடுக்காட்டியும் நான் போவேன்," என்று சொல்லிவிட்டுக் காய்கறி லாரியில் ஏறினேன். ஈப்போவில் மாறிய இடத்தை உறையவைத்து அழித்தார்கள். சில மாதம் கழித்து நடந்த சோதனையில் ஒரு குறையும் இல்லை.

மறுநாள் பெரட்டில் நானே உரக்கச் சொன்னேன்: "எனக்கு கான்சர் இல்ல. சோதிச்சதாலதான் தப்பிச்சேன். சோதனைக்கு வர்றவங்க என்கூட வாங்க." ஆண்கள் தலைகுனிந்தார்கள். அந்த வாரமே மூன்று பெண்கள் வந்தார்கள், செல்லம்மா வரவில்லை.

இப்போதெல்லாம் கடிதம் வந்தால் மிஸ்ஸியிடம் கொண்டுபோய்த்தான் பிரிக்கிறேன். எங்கே போகிறாய் என்று யார் கேட்டாலும், "கர்ப்பப்பை வாய்ச் சோதனைக்கு" என்று முழுசாகச் சொல்கிறேன்.