பாதையைப் பார்த்து அடித்த பலகை

காளான் கறி என்று யாராவது பரிமாற வந்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாவம், பரிமாறுகிறவருக்கு ஒன்றும் தெரியாது.

நான் ஆறாம் ஆண்டு படித்த வருடம், ஒரு நிறுவனத்தார் எங்கள் குடும்பம் வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார்கள். பெண்களைச் சுயதொழிலில் முன்னேற்றப் போகிறார்களாம். அம்மா நான்கு நாள் கொழுந்தெடுக்கப் போகாமல், அந்தச் சம்பளத்தையும் விட்டுவிட்டு, தலவாக்கலை டவுனில் காளான் வளர்க்கப் படித்து வந்தாள். சான்றிதழ் கொடுத்தார்கள், கடனும் கொடுத்தார்கள். காளான் வளர்க்கும் குடிசையை யாருடைய மண்ணில் போடுவது என்று மட்டும் அந்த நான்கு நாளில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால், கறிக்குக் கோவா நட்டிருந்த துண்டு நிலத்தில் அம்மாவும் சித்தப்பாவும் மூங்கிலும் பழைய தகரமும் வைத்துக் குடிசை போட்டார்கள். உள்ளே மரத்தூள் அடைத்த பைகள் வரிசையாக இருந்தன. மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகுமுன்னும் வந்த பின்னும் அம்மா தண்ணீர் தெளிப்பாள். ஒரு நாள் பைகளின் கீறல்களில் வெள்ளையாக மொட்டு விட்டிருந்தது. கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த அப்பாவைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று அன்றுதான் அம்மா முதல் தடவையாகச் சத்தமாகச் சொன்னாள்.

மொட்டைப் படம் பிடிக்க நிறுவனத்தார் ஓடி வந்தார்கள். கூடவே ஒரு பலகை. அவர்கள் பெயர் பெரிதாக, கீழே 'பயனாளி' என்று அம்மாவின் பெயர் பொடியாக. அதைப் பாதையைப் பார்த்துத்தான் அடிக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான்.

"பஸ்ல போறவங்க எல்லாம் அம்மா பேரப் பாக்கட்டும்!"

பஸ்ஸில் போனவர்கள் பார்த்தார்களோ இல்லையோ, ஜீப்பில் போன, தோட்டத்தை நடத்தும் துரை பார்த்துவிட்டார். மறுநாள் காலையிலேயே, எங்களை வேலை வாங்கும் கண்டாக்கு வந்து நின்றார்.

"தோட்டத்துக் காணியில யாரக் கேட்டுக் கட்டுன? பொழுது சாயிறதுக்குள்ள பிரிச்சிரு. நீ குடியிருக்கிற லயத்துக் காம்பிராவும் தோட்டத்துதுதான், ஞாபகம் வச்சுக்க."

நான்கு தலைமுறையாக எங்கள் ஆட்கள் மாடாய் உழைத்த மண்ணில் நான்கு மூங்கில் ஊன்ற உரிமையில்லை. அம்மா நிறுவனத்து அதிகாரிக்குப் போன் போட்டாள். மனிதர் மிகவும் அன்பாகத்தான் பேசினார்.

"அது ஒங்களுக்கும் தோட்டத்துக்கும் உள்ள பிரச்சன அக்கா. தவணைய மட்டும் விட்டுறாதீங்க."

பலகையைப் பத்திரமாக எடுத்து வைக்கவும் சொன்னார்.

பைகளை எங்கள் ஒற்றை அறைக்குள் தூக்கி அடுக்கினோம். அடுப்புச் சூட்டில் ஒரு வாரத்தில் எல்லாம் பச்சைப் பூஞ்சணம் பிடித்துப் போனது. ஆனால் என் கோபமெல்லாம், குடிசை பிரித்த அன்றே, அம்மாமேல்தான் பாய்ந்தது. கண்டாக்குக்கு எதிரில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டு தன் கையாலேயே கம்பிக் கட்டுகளை அவிழ்த்தாள். லயமே பார்த்துக்கொண்டு நிற்க நான் கத்தினேன்.

"ஒனக்கு வாயே இல்லையாம்மா?"

அவள் நிமிராமலே சொன்னாள்.

"வாய் இருக்குடி. வீடுதான் இல்ல."

எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. எதிரே எங்கள் வீடு இருந்தது. வாசலில் என் பள்ளிச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. தாத்தா பிறந்தது அங்கே, அப்பா பிறந்தது அங்கே, நான் பிறந்ததும் அங்கே. பயத்தில் அம்மா உளறுகிறாள் என்று நினைத்து, மூன்று நாள் நான் அவளோடு பேசவில்லை.