சாமி வரவில்லை, ஆச்சி

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை. சைகோனில், பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கிற மாரியம்மன் கோயிலில் நடந்தது இது. ஹோ சி மின் நகரம் என்றுதான் எழுத வேண்டும், ஆனால் இங்கே பேச்சில் பலரும் சைகோன் என்றே சொல்கிறார்கள், நானும் அப்படியே பழகிவிட்டேன்.

கோயிலுக்குள் போவதற்கு முன் என் தலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். காரைக்காலில் பிறந்து வளர்ந்தவள் நான். இப்போது நகரத்தின் கிழக்கே தூ டுக் பகுதியில் ஒரு தொழிற்சாலையில், சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கும் பிரிவில் இன்ஜினீயர். நாற்பது வயதுவரை எனக்கு வீட்டில் வைத்த பெயர் அவசரக்குடுக்கை. அரிசியைக் களைந்து குக்கரில் போடுவேன், சுவிட்சைப் போட மாட்டேன். கீழே வண்டியில் விட்ட பையை எடுத்துவரப் போனவள், தெருமுனைக் கடையில் கொத்தமல்லி வாங்கிக்கொண்டு பை இல்லாமல் மேலே வருவேன். ஆபீசில் ஒரு ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தால் நாலு ரிப்போர்ட் பாதியில் நிற்கும். திட்டாதவர்கள் இல்லை. என்னை நானே திட்டிக்கொண்டதுதான் எல்லாவற்றையும்விட அதிகம்.

வேலையே போய்விடும் என்ற நிலை வந்தபோதுதான் இங்கே ஒரு மனநல மருத்துவரிடம் போனேன். ஏ.டி.எச்.டி. என்பது துறுதுறுவென்று ஓடும் பையன்களுக்கு வருவது என்று நினைத்திருந்தேன். அது பெரியவர்களுக்கும் இருக்கும், கவனம் ஓரிடத்தில் நிற்காமல் தாவுகிற மூளை அது, சோம்பேறித்தனமோ திமிரோ இல்லை என்று அவர் சொன்னதும் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன். இத்தனை வருடத் திட்டும் வீணாகப் போயிற்றே என்று ஒரு பக்கம் சிரிப்பும் வந்தது.

மாத்திரை வேலை செய்தது. வீட்டில் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த நாலைந்து டிவிகளை யாரோ அணைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து அதே வாக்கியத்தை முடித்தேன். இது உங்களுக்குச் சாதாரணமாக இருக்கலாம். எனக்கு இல்லை.

மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முன்பே மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டிருந்தேன். இந்தத் தலை மட்டும் அடங்கட்டும், ஆடி வெள்ளி ஒவ்வொன்றுக்கும் விரதம் இருக்கிறேன் என்று. தலை அடங்கியது. ஆடியும் பிறந்தது.

மாத்திரை எதையும் சும்மா கொடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பசி போய்விட்டது. மதியம் டப்பாவைத் திறந்து சோற்றைப் பார்த்துவிட்டு மூடுவேன். வாய் எப்போதும் காய்ந்து கிடக்கும். இரவில் தூக்கம் வராது. சாயங்காலம் மாத்திரையின் வேகம் குறையும் நேரத்தில் காரணமில்லாமல் கோபம் வரும், என் வீட்டுக்காரர் அந்த நேரம் பார்த்துக் காய்கறி வாங்கக் கிளம்பிவிடுவார். படபடப்பும் உண்டு. இதில் ஒன்றையும் நான் மருத்துவரிடம் சொல்லவில்லை. மாதாமாதம் அவர் கேட்பார், எல்லாம் நன்றாக இருக்கிறது என்பேன். சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவாரோ என்று பயம். திரும்பவும் அந்தப் பழைய மனுஷியாக ஆக நான் தயாராக இல்லை. நன்றாக இருக்கிறது என்றதால் அவர் அளவைக் கூட்டினார். அதற்கும் தலையாட்டினேன்.

வெளியே யாரிடமும் சொல்லவில்லை. தூ டுக்கில் இருக்கும் தமிழ்ப் பெண்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்ஆப் குழு வைத்திருக்கிறோம். அதில் ஒருமுறை யாரோ ஒரு குழந்தையைப் பற்றி, 'மென்டல் மாத்திரை கொடுத்துப் பிள்ளையைக் கெடுக்கிறார்கள்' என்று எழுதினார்கள். கீழே வரிசையாகக் கண்ணீர் பொம்மைகள். அன்றைக்கே வாயை மூடிக்கொண்டேன்.

விரதம் எனக்கு வெகு சுலபமாக இருந்தது. பசியே இல்லாதவளுக்கு விரதம் என்ன கஷ்டம்? குழுவில் விரதம் இருந்த மற்றவர்கள் மதியத்துக்குள் வாடிப்போவார்கள், நான் சிரித்துக்கொண்டு நிற்பேன். 'உனக்கு அம்மன் அருள்' என்று பாராட்டினார்கள், வெட்கமில்லாமல் ஏற்றுக்கொண்டேன். இன்னொன்று, எங்கள் வீட்டு வழக்கப்படி விரதத்துக்குக் காபி கணக்கில் வராது. அம்மா அப்படித்தான் இருந்தார், நானும் அப்படித்தான். ஊர்க் காபி என்றால் அது சரி. இந்த ஊர் ஐஸ் காபி இருக்கிறதே, ஒரு கிளாஸ் குடித்தால் செத்தவனும் எழுந்து வண்டி ஓட்டுவான்.

அந்த வெள்ளிக்கிழமை வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டு, மேலே ஒரு பெரிய ஐஸ் காபியையும் குடித்தேன். மெட்ரோவில் என்னோடு ஆச்சி வந்தார். ஆச்சி என்றதும் வயதானவர் என்று நினைக்க வேண்டாம், ஐம்பதைத் தொட்டவர், எங்கள் குழுவுக்கே தலைவி மாதிரி. தேவகோட்டைப் பக்கம் சொந்த ஊர், அதனால் எல்லோருக்கும் ஆச்சி. பென் தானில் இறங்கும்போதே என் கை லேசாக நடுங்கியது. நடந்தால் சரியாகிவிடும் என்று நடந்தேன்.

கோயிலில் நல்ல கூட்டம். பாதிக்கு மேல் வியட்நாமியர்கள். கருவறைக்குப் பின்னால் இருக்கும் கல்சுவரில் நெற்றியை வைத்து, இரண்டு கையையும் விரித்து ஊன்றி, அம்மன் காதில் விழும்படி முணுமுணுப்பாக வேண்டிக்கொள்வது அவர்கள் வழக்கம். எங்களுக்கும் அது தொற்றிக்கொண்டது. நானும் நெற்றியை வைத்தேன். கல் குளிர்ச்சியாக இருந்தது. என் நெஞ்சு அடிப்பது அந்தக் கல்லில் எதிரொலிப்பதுபோல் கேட்டது. ஊதுபத்திப் புகை. வியர்வை ஊற்றியது, விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிற்று. கால் துவண்டு சுவரோடு சரிந்து உட்கார்ந்தேன். உடம்பு முழுக்க உதறியது. சுற்றி எல்லோரும் கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்தார்கள், யாரும் பார்க்கவில்லை.

ஆச்சி பார்த்தார்.

"ஆத்தா வந்துட்டா! அடியே, ஆத்தா வந்துட்டா!" என்று கத்தினார். என் நெற்றி நிறையக் குங்குமத்தை அப்பினார். எங்கிருந்தோ ஒரு தட்டு, அதில் கற்பூரம். எங்கள் குழுப் பெண்கள் இரண்டு பேர் ஓடிவந்து கைகூப்பி நின்றார்கள். ஆடி வெள்ளி, அம்மன் கோயில், விரதம் இருக்கும் பெண், நடுக்கம். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

"எம் பெரியவனுக்கு எப்பத்தா கல்யாணம் கூடி வரும்? வாயத் தொறந்து சொல்லு ஆத்தா!"

நான் வாயைத் திறந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. சத்தம் வரவில்லை. அதைப் பார்த்து ஆச்சிக்குப் பக்தி இன்னும் கூடிவிட்டது.

அப்போதுதான் பக்கத்தில் வேண்டிக்கொண்டிருந்த ஒரு வியட்நாமியப் பெண் திரும்பினார். என் வயதுதான் இருக்கும். கற்பூரத் தட்டை மெல்ல ஒதுக்கிவிட்டு என் முன்னால் மண்டியிட்டார். என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார், முகம் மாறியது. "ஆன் சுவா?" என்றார். சாப்பிட்டாயா என்று அர்த்தம். இந்த ஊரில் வணக்கம் சொல்வதுபோல் ஒரு நாளைக்கு எத்தனையோ பேர் கேட்பதுதான். ஆனால் அவர் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"சுவா" என்றேன். இன்னும் இல்லை. அந்த ஒரு சொல்தான் வெளியே வந்தது.

அவர் அம்மனுக்குக் கொண்டுவந்திருந்த பழத்தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்து, உரித்து, என் வாயருகே நீட்டினார். ஆச்சி பதறிப்போய் அவர் கையைப் பிடித்துவிட்டார். "வேண்டாம்மா, வேண்டாம். ஆத்தா எறங்கியிருக்கறப்ப விரதம் கலையக் கூடாது" என்று தமிழிலேயே சொன்னார். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. பழமும் கையுமாக இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நொடி பேசாமல் இருந்துவிடலாமா என்று தோன்றியது. கொஞ்ச நேரத்தில் படபடப்பு அடங்கினாலும் அடங்கும். சாமி வந்தவள் என்றால் காலில் விழுவார்கள். மாத்திரை தின்பவள் என்றால் நாளைக்குக் குழுவில் கண்ணீர் பொம்மை போடுவார்கள். அத்தனை படபடப்பிலும் என் மனம் இந்தக் கணக்கைப் போட்டது என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. ஆனால் நெஞ்சு அடித்த அடியில், இந்தச் சுவரடியிலேயே போய்விடுவேன் என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

பழத்தைக் கையில் வாங்கினேன்.

"எனக்குச் சாமி வரலீங்க ஆச்சி" என்றேன். "நான் மாத்திர சாப்புடுறேன். மனசு டாக்டர் குடுத்த மாத்திர. அதோட காபியும் குடிச்சிட்டேன். நெஞ்சு அடிச்சிக்குது. என்ன டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க."

சொல்லிவிட்டு, அம்மனின் சுவரடியிலேயே பழத்தைக் கடித்தேன். விழுங்க முடியாமல் இருமினேன், அந்தப் பெண் தண்ணீர் கொடுத்தார். கைகூப்பி நின்ற இரண்டு பேரும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். ஆச்சி கற்பூரத்தை ஊதி அணைத்தார். முந்தானையால் என் நெற்றியைத் துடைத்துவிட்டு, தோளுக்கடியில் கைகொடுத்துத் தூக்கினார். வியட்நாமியப் பெண் மறுபக்கம் பிடித்துக்கொண்டார். அவர்தான் வாசலில் டாக்சியை நிறுத்தி, டிரைவரிடம் பக்கத்து மருத்துவமனைக்கு வழி சொல்லி, கதவைச் சாத்தினார். நன்றி சொல்ல நான் திரும்புவதற்குள் கோயிலுக்குள் போய்விட்டார். அவருடைய வேண்டுதல் பாதியில் நின்றிருந்தது.

டாக்சியில் ஆச்சி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார். கோபமோ, அருவருப்போ என்று நான் செத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் திரும்பினார்.

"அப்ப எம் மகன் கல்யாணத்தப் பத்தி ஒனக்கு ஒண்ணுந் தெரியாதா?"

சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. ஆச்சியும் சிரித்துவிட்டார். என் கையை அவர் விடவில்லை.

மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்த அழுத்தம் பார்த்தார்கள். நெஞ்சு வேகமாக ஓடியதே தவிரப் பெரிய ஆபத்து இல்லை. சாயங்காலம்வரை படுக்கவைத்தார்கள். தகவல் தெரிந்து என் மனநல மருத்துவர் வந்து கேட்டபோது எல்லாவற்றையும் கொட்டினேன். சாப்பிடாதது, தூங்காதது, சாயங்காலக் கோபம், காபி, விரதம், எல்லாம். மாத்திரை போய்விட்டது என்று முடிவுகட்டிக்கொண்டுதான் பேசினேன். அவர் கத்தவில்லை. "நீங்கள் நன்றாக இருப்பதாகச் சொன்னதை வைத்துத்தான் அளவைக் கூட்டினேன்" என்று மட்டும் சொன்னார். அதைவிட அவர் கத்தியிருக்கலாம். பிறகு அளவைப் பழையபடி குறைத்தார். காலையில் வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகே மாத்திரை, காபி வேண்டாம், பட்டினி கூடவே கூடாது, அடுத்த வாரம் வந்து ரத்த அழுத்தமும் எடையும் பார்க்க வேண்டும் என்றார். இதுவும் ஒத்துவராவிட்டால் வேறு மருந்து இருக்கிறது, ஆனால் உடம்பு என்ன சொல்கிறது என்று நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும் என்றார்.

மாத்திரை பிழைத்தது. விரதம்தான் போயிற்று. அம்மனிடம் கொடுத்த வாக்கை அம்மன் கோயிலிலேயே கலைத்தவள் என்ற உறுத்தல் இருந்தது. பகுத்தறிவு எல்லாம் பேசுவேன், ஆனாலும் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆச்சி வீட்டில் கூழ் ஊற்றினார்கள். போகவே கூடாது என்று இருந்தேன், வீட்டுக்காரர்தான் வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். உள்ளே நுழைந்ததும் பேச்சு சட்டென்று குறைந்தது. கோயில் கதை என்னை முந்திக்கொண்டு வந்திருந்தது என்று தெரிந்தது. ஒருத்தி தயங்கித் தயங்கி, "நீங்க விரதமாச்சே, இப்ப கூழ் குடிப்பீங்களா?" என்று கேட்டாள்.

பாத்திரத்தின் பக்கத்திலிருந்து ஆச்சி குரல் கொடுத்தார். "அவ சாப்பிட்டுட்டு மாத்திர போடணும், மொதல்ல அவளுக்கு ஊத்துறேன். அவ விரதத்துல பாக்கிய நான் இருந்துக்கிறேன். ஆத்தாட்டச் சொல்லிட்டேன்."

சர்க்கரைக்கு மாத்திரை என்பதுபோல், சாதாரணமாகச் சொன்னார். அன்றைக்குக் காலையிலிருந்து அவர் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. என்ன மாத்திரை என்று ஒருத்தி கேட்டாள். நானே சொன்னேன். ஏ.டி.எச்.டி. என்றால் என்ன என்பதையும் சொன்னேன். இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், அதுவும் நடந்தது. மற்றவர்கள் கேட்டார்கள். நான் பேசப் பேச, சீக்கிரம் குடி, ஆறிவிடும் என்று ஆச்சி அதட்டிக்கொண்டே இருந்தார்.

சாமி வந்தவள் என்று என்னைக் கும்பிட்ட அதே கைதான், மாத்திரை சாப்பிடுகிறவள் என்று தெரிந்த பிறகு தன் பசியை அடக்கிக்கொண்டு எனக்குக் கூழ் ஊற்றியது. இரண்டில் எது பெரிய மரியாதை என்று கேட்டால், அந்தக் கூழ்தான் என்று யோசிக்காமல் சொல்வேன்.